கோழிப்பேன்னு நான் சொன்னது

எம் மருமவ வயித்துல கிட்டத்தட்ட ஒம்பது மாசம் வளர்ந்த கொழந்தை உசுரோட வெளிய வரல. விதின்னு ஒறம்பரைச் சனங்க சொன்னாங்க. கண்ணு பட்டுருச்சுன்னு பக்கத்துக் காட்டுக்காரிக சொன்னாங்க. ரெண்டும் இல்ல. என்ற வாய்தான் காரணம். இத நான் இதுவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல, எம் பையங்கிட்டக்கூட. பொலம்பறதுக்காக இத எழுதல. நான் அழுது யாருக்கு என்ன ஆகப் போகுது? நடந்தது நடந்தபடி ஒரு எடத்துலயாவது இருக்கட்டும்னுதான் உக்காந்திருக்கேன்.

புதுச்சத்திரத்துல மெயின் ரோட்ட விட்டு உள்ள வந்தா எங்க பண்ணை. முட்டைக்கோழி, மூணு ஷெட்டு. ஊட்டுக்காரர் தவறி ஆறு வருசம் ஆச்சு. அப்பறம் தீவனம் அரைக்கறதுல இருந்து முட்டை லோடு ஏத்தற வரைக்கும் எல்லாம் நாந்தான். பையன் ரிக் வண்டியோட மத்தியப் பிரதேசத்துல போர்வெல் போட்டுக்கிட்டுக் கெடப்பான். வருசத்துல ரெண்டு மாசம் ஊட்டுல தங்குனா அதிசயம். அதனால கல்யாணம் முடிஞ்சதுல இருந்து அந்த ஊட்டுல நானும் மருமவளுந்தான். எனக்குக் கோவம் ஜாஸ்தி. வேலைக்கு வர்றவிய எல்லாம் நான் வர்ற சத்தம் கேட்டாலே நாயம் பேசறத நிறுத்திருவாங்க. அவகிட்ட மட்டும் எனக்குக் கோவம் வந்ததில்ல. எனக்குப் பொம்பளப் புள்ள இல்ல, அதுவும் ஒரு காரணமா இருக்கும்.

அவ பொறந்த ஊரு மல்லசமுத்திரம். தறிக்காரங்க ஊடு. எங்க ஊடு பாக்க மொதமொதல்ல வந்தப்ப, கார்ல இருந்து எறங்குன ஒடனே சம்மந்தியம்மா முந்தானைய எடுத்து மூக்குல வெச்சுக்கிட்டாங்க. அப்பறம் நான் பாக்கறேன்னு தெரிஞ்சு சட்டுன்னு எடுத்துட்டாங்க.

"பண்ணைன்னா வாசம் இருக்கத்தானுங்க செய்யும். எம் புள்ளைக்கு ஒடம்புக்கு ஒத்துக்குமான்னு ஒரு ரோசனை, அவ்வளவுதானுங்க"ன்னாங்க.

நல்ல மனுசிதான். பொய்யாச் சிரிக்கத் தெரியாத மனுசி. ஆனா எனக்கு உள்ள சுருக்குன்னு தெச்சிருச்சு. இந்தம்மா வாயில இருந்து எங்கூட்டச் சுத்தமில்லைன்னு ஒரு சொல்லு வரக்கூடாதுன்னு அன்னைக்கே மனசுல முடிஞ்சு வெச்சுக்கிட்டேன். அந்த ராங்குதான் கடைசியில எங்க கொண்டு போயி விட்டுச்சு.

அவ முழுகாம இருக்கறது தெரிஞ்சு பத்து நாளைக்குள்ள மசக்கை புடிச்சு ஆட்ட ஆரம்பிச்சிருச்சு. சும்மா வாந்தி இல்ல. வெடியால ஷெட்டுப் பக்கமிருந்து காத்து திரும்புச்சுன்னா போதும், கொல்லைக்கு ஓடுவா. பச்சத்தண்ணி குடிச்சாலும் நிக்காது. முட்டைய நான் கையில எடுத்தாலே ஓங்கரிப்பா. முட்டைப் பண்ணை ஊட்டுல இது எப்பேர்ப்பட்ட கூத்து பாருங்க! தீவனத்துக்குக் கருவாட்டுத்தூள் கலக்கற அன்னைக்கு அவ கதவு சன்னல் எல்லாம் சாத்திக்கிட்டு, எலுமிச்சம்பழத்தக் கீறி மூக்குக்கிட்ட வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. வாயில தண்ணியா ஊறிக்கிட்டே இருக்கும். துப்பறதுக்கு ஒரு சொம்பக் கையிலயே வெச்சுக்கிட்டுத் திரிவா. ஆரு வந்தாலும் அதத் தாவணி போட்ட புள்ளையாட்டம் வெக்கப்பட்டுச் சீலைக்குள்ள ஒளிச்சுக்குவா.

நான் அவளுக்காக என்னதான் மாத்தல? ஷெட்டுக்குன்னு தனியா ரெண்டு சீலை வெச்சுக்கிட்டேன். வெளித் தொட்டியில சோப்புப் போட்டுத் தண்ணி வாத்துக்கிட்டுத்தான் ஊட்டுக்குள்ள காலு வெப்பேன். எண்ணெய் காயற வாசம் ஒத்துக்கலைன்னு சொன்னா. ஒரு மாசம் தாளிக்காத ரசந்தான் ரெண்டு பேரும் சாப்பிட்டோம். கண்ணு முழிச்சதும் எந்திரிக்காம, படுக்கையில உக்காந்தே ரெண்டு கை பொரி திங்கச் சொன்னேன். வயிறு காலியா இருக்கும்போது எந்திரிச்சாத்தான் பொரட்டும். நார்த்தங்காய் ஒரு துண்டு, மோர் அரை டம்ளரு, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா என்னமாச்சும் கொஞ்சமா. ஒரு தடவ ஒண்ணுமே தங்காமக் கண்ணு சொருகிப் போச்சு. அன்னைக்கு மட்டும் நானே கார் புடிச்சு சேலம் கூட்டிட்டுப் போயி ட்ரிப்ஸ் ஏத்திக் கூட்டிட்டு வந்தேன். ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு டாக்டரம்மா, சம்மந்தியம்மா பாத்து வெச்சது. தங்கமான டாக்டரு. "கரெக்டான நேரத்துல கூட்டிட்டு வந்தீங்க"ன்னு என்னத்தான் சொன்னாங்க. எனக்குப் பெருமையில தலைகால் புரியல.

வாந்தி நாலாம் மாசம் பாதியில நின்னுச்சு. அப்பறம் ஒண்ணொண்ணா வந்துச்சு. "நெஞ்சு எரியுதுங்கத்த"ம்பா. தலைக்கு ஒசரமா வெச்சுப் படு, ராத்திரிச் சோத்தப் பொழுதோடயே திண்ணுருன்னேன், கேட்டுச்சு. கெண்டைக்கால் இழுத்துப் புடிச்சுக்குதுன்னா. கட்டை வெரல மேல பாத்து இழுத்து விட்டேன், விட்டுச்சு. கழுத்து கறுத்துப் போச்சேன்னு கண்ணாடி முன்னால நின்னு அழுதா. "பெத்து எறக்குனா வெளுத்துரும் போ, எனக்கு மூஞ்சியே கறுத்துக் கெடந்துச்சு"ன்னு சிரிச்சேன். மலச்சிக்கலுக்குக் கொய்யாப்பழமும் வெந்நியும். பாதம் வீங்குனதுக்குப் பலகை மேல கால வெச்சு உக்கார வெச்சேன், டாக்டரம்மாகிட்டயும் காட்டுனேன், பிரசர் சரியா இருக்குதுன்னாங்க. அவ எதச் சொன்னாலும் எங்கிட்ட ஒரு பதில் இருந்துச்சு. பத்துக்குப் பத்தும் சரியா இருந்துச்சு. போன்ல எம் பையங்கிட்ட, "அத்த இருக்கறாங்க, எனக்கென்னங்க பயம்"னு அவ சொன்னத இந்தக் காதால கேட்டேன். நானும் அத நெசம்னு நெனச்சுக்கிட்டேன்.

ஏழாம் மாசம் கட்டுச்சோறு கொண்டாந்தாங்க. எங்க பக்கத்துல பொறந்த ஊட்டுக்காரங்க சாதம் வகைவகையாக் கட்டிக்கிட்டு வந்து, விருந்து போட்டுப் புள்ளையக் கூட்டிட்டுப் போறது மொறை. சோத்தத் திண்ணோம். கூட்டிட்டுப் போறேன்னப்ப நான் விடல. "உங்க ஊட்டுல தறிச் சத்தம் ராப்பகலா ஓடுதுங்க. வாயும் வயிறுமா இருக்கறவ எப்படித் தூங்குவா? ஒம்பது பொறக்கட்டும், நானே கொண்டாந்து விடறேன்"ன்னேன். சம்மந்தியம்மா மூஞ்சி தொங்கிப் போச்சு. தறிச் சத்தத்துல பொறந்து வளர்ந்த புள்ளை அவ, அந்தச் சத்தம் நின்னாத்தான் அவளுக்குத் தூக்கம் வராது. அது எனக்குத் தெரியாதா? அவ போயிட்டா அந்த ஊட்டுல ஒத்தையில கெடக்கணுமேன்னுதான் வாய்க்கு வந்த சாக்கச் சொன்னேன். அவளும், "இங்கயே இருக்கறனுங்கம்மா"ன்னு எம் பக்கம் நின்னா. எனக்கு அன்னைக்கு இருந்த கெத்து!

எட்டாம் மாசம் முடியற சமயம். ஒரு நா மத்தியானம் சோறு திங்கக் கூப்பிட்டேன், வரல. போயிப் பாத்தாப் பின்னால துணி தொவைக்கற கல்லு மேல ஏறி நின்னுக்கிட்டு, ரெண்டு உள்ளங்காலையும் மாத்தி மாத்தி அதுல தேச்சுக்கிட்டிருக்கா. அந்த வயித்தத் தூக்கிக்கிட்டு!

"கீழ எறங்கு மொதல்ல! வழுக்கி உழுந்தா என்னாகறது? என்ன வேலை பண்ற கண்ணு?"

"உள்ளங்கால் அரிக்குதுங்கத்த. உள்ளங்கையும். தாங்கவே முடியலீங்க."

கையப் புடிச்சுத் திருப்பிப் பாத்தேன். ஒரு தடிப்பு இல்ல, ஒரு கொப்புளம் இல்ல. அவ சொறிஞ்ச நகத்தடந்தான் செவசெவன்னு கெடந்துச்சு.

பண்ணைக்காரிக்கு அரிப்புன்னா ஒண்ணுதான். எரு அள்ளற அன்னைக்கு, கோழி மாத்தற அன்னைக்கு மேலெல்லாம் பேன் ஊறும். கோழிப்பேன். கண்ணுக்குச் சரியாத் தெரியாது, ஆனா உசுர வாங்கிரும். வேப்பந்தழை போட்டுக் கொதிக்க வெச்ச தண்ணிய வாத்துக்கிட்டுச் சீலைய வெந்நியில முக்குனாப் போயிரும். கல்யாணமாகி வந்ததுல இருந்து இதான பொழப்பு.

"கோழிப்பேனு கண்ணு. வேறொண்ணுமில்ல"ன்னேன்.

"நாந்தான் ஷெட்டுப் பக்கமே போறதில்லீங்களே அத்த?"

சரியாத்தான் கேட்டா. அந்தக் கேள்வியில நான் நின்னிருக்கணும். நிக்கல. அதுக்கும் ஒரு பதில் வெச்சிருந்தேன். "என்ற மேல ஒட்டிக்கிட்டு வந்திருக்கும் சாமி. நாந்தான உனக்கு எண்ணெய் தேச்சு விடறேன்"ன்னேன்.

இத்தன வருசமாக் கோழியோட கெடக்கறவ நான். பேன் ஊறுனாக் கழுத்துல அரிக்கும், அக்குள்ள அரிக்கும், சீலை கட்டற எடுப்புல அரிக்கும். ஒரு நாளாச்சும் எனக்கு உள்ளங்கை அரிச்சிருக்குதா? இல்ல. உள்ளங்கால்? இல்லவே இல்ல. அது எனக்கு அன்னைக்கும் தெரியும். தெரிஞ்சும் ஒறைக்கல பாருங்க. வாயி முந்திக்கிட்டா புத்தி எங்க வரும்?

அன்னையில இருந்து அவ பெட்சீட்டு, தலகாணி உறை எல்லாத்தயும் தெனமும் வெந்நியில போட்டேன். கட்டில வெய்யில்ல தூக்கிப் போட்டேன். பண்ணைக்குத் தெளிக்கற மருந்து இருந்துச்சு, ஆனா வயித்துக்காரி இருக்கற ஊட்டுல அது ஆகாதுன்னு தொடல. அந்த மட்டும் அறிவு இருந்துச்சு. அப்பறம் நான் செஞ்சதுதான் பெரிய கொடுமை. என்ற மேல இருந்துதான அவளுக்கு ஏறுதுன்னு அவகிட்டப் போறதயே நிறுத்திட்டேன். எண்ணெய் தேச்சு விடறத நிறுத்துனேன். அவ ரூம்புல கீழ பாய் போட்டுப் படுத்துக்கிட்டிருந்தவ, முன்னால ஹாலுக்கு வந்துட்டேன்.

"அத்த, செத்த நேரம் வந்து பக்கத்துல உக்காருங்களே"ம்பா.

"வேண்டாஞ்சாமி. என்ற மேல இருக்கறதெல்லாம் உனக்கு ஏறிரும்"னு வாசப்படியிலயே நின்னு பேசுவேன்.

பாசத்துலதான் தள்ளி நின்னேன். கிட்ட இருந்திருந்தாத் தெரிஞ்சிருக்கும். அவ ராத்திரியெல்லாம் தூங்கலைன்னு தெரிஞ்சிருக்கும். வெடியால பெட்சீட்ட எடுத்தாக் கால்மாட்டுல சின்னச் சின்னதா ரத்தப் பொட்டு. சொறிஞ்சு சொறிஞ்சு தோலு உரிஞ்ச எடம். பகல்ல ஃப்ரிட்ஜ்ல இருந்து ஐஸாப் போன பால் பாக்கெட்ட எடுத்து ரெண்டு கையிலயும் புடிச்சுக்கிட்டு, காலப் பக்கெட் தண்ணியில விட்டுக்கிட்டு உக்காந்திருப்பா. "ஒண்ணுக்கு மஞ்சளாப் போகுதுங்கத்த"ன்னா ஒரு நா. தண்ணி நெறையாக் குடின்னேன். "பசியே எடுக்கலீங்கத்த"ன்னா. வயிறு மேல ஏறி நெருக்குது, அதாம்னேன். அட கெரகமே, எத்தன பதில் இருந்துச்சு எங்கிட்ட!

ஒம்பது பொறந்தும் நான் அவள மல்லசமுத்திரத்துல விடல; அரிப்பு ஆரம்பிச்சு ரெண்டு வாரத்துல செக்கப்புக்குப் போற நாளு வந்துச்சு. சம்மந்தியம்மா மல்லசமுத்திரத்துல இருந்து நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துட்டாங்க. மூணு பேரும் பெஞ்சுல உக்காந்திருந்தோம். சம்மந்தியம்மா தண்ணி புடிக்க எந்திரிச்சுப் போனப்ப, அவ எங்கிட்டச் சாஞ்சு மெதுவாக் கேட்டா.

"அத்த, இந்த அரிப்ப டாக்டர்கிட்டச் சொல்லட்டுங்களா?"

எனக்குத் திக்குன்னுச்சு. எதுக்குத் தெரியுமா? கொழந்தைய நெனச்சு இல்ல. தண்ணி புடிச்சுக்கிட்டு நின்ன சம்மந்தியம்மாளப் பாத்து. "கோழிப்பேனு"ன்னு டாக்டரு வாயில வந்து அது இந்தம்மா காதுல உழுந்தா அவ்வளவுதான். "அன்னைக்கே சொன்னேன்ல, எம் புள்ளையக் கொண்டாந்து பேன் கூட்டுல தள்ளிட்டனே"ம்பாங்க. அடுத்த கண்ணாலத்துலயே ஒறம்பரை பூராப் பரவிரும். ஊர் வாய மூட ஒலமூடி ஏது?

"எதுக்குச் சாமி அதப் போயி அவங்ககிட்ட. கோழிப்பேனுன்னு தெரிஞ்சா நம்ம ஊட்டப் பத்தி என்ன நெனைப்பாங்க? உங்கம்மா வேற இருக்கறாங்க. ரெண்டு நாள்ல அதுவாப் போயிரும். சொல்லாத"ன்னேன்.

"சேரிங்கத்த"ன்னா.

உள்ள கூப்பிட்டாங்க. எடை பாத்தாங்க, பிரசர் பாத்தாங்க, கொழந்தையோட நெஞ்சுத் துடிப்பக் கேக்க வெச்சாங்க. குதிரை ஓடற மாதிரி டக்கு டக்குன்னு கேட்டுச்சு. நல்லாத்தான் கேட்டுச்சு. கடைசியா டாக்டரம்மா பேனாவ வெச்சுட்டு நிமிந்து பாத்துக் கேட்டாங்க.

"வேற ஏதாவது தொந்தரவு இருக்காம்மா? எதுவா இருந்தாலும் சொல்லு."

அவ என்னப் பாத்தா. நான் லேசாத் தலைய ஆட்டுனேன். வேண்டாம்னு.

"ஒண்ணுமில்லீங்க டாக்டர்"னா. ரெண்டு கையையும் மடியில மடக்கி வெச்சுக்கிட்டா.

அப்பறம் அஞ்சு நாள் போச்சு. ஆறாம் நா வெடியால நான் முட்டை பொறுக்கிட்டு, தண்ணி வாத்துக்கிட்டு உள்ள வந்தேன். அவ கட்டில்ல உக்காந்திருந்தா. சொறியல. சும்மா உக்காந்திருந்தா.

"அத்த, உள்ள அசையவே இல்லீங்க"ன்னா. "நேத்துப் பொழுது சாயறப்ப அசைஞ்சுது. அப்பறம் இல்லீங்க."

சக்கரைத்தண்ணி குடுத்தேன். ஒரு பக்கமாச் சாச்சுப் படுக்க வெச்சேன். செத்த நேரம் பாத்தோம். பேனும் மண்ணும், நான் அன்னைக்குத்தான் ரொம்ப நாளைக்கப்பறம் அவ வயித்து மேல கைய வெச்சேன். கல்லு மாதிரி இருந்துச்சு. கார் வரச் சொல்லிக் கெளம்புனோம். சேலம் போற வரைக்கும் அவ வயித்த ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு வந்தா. நாந்தான் பேசிக்கிட்டே போனேன். கொழந்தை தூங்கும், சில கொழந்தை ரெண்டு மணி நேரங்கூடத் தூங்கும், எம் பையன் அப்பிடித்தான், அப்பிடி இப்பிடின்னு. கண்ணாடி வழியா டிரைவரு என்ன ஒரு மாதிரியாப் பாத்தாரு.

ஸ்கேன் பாக்கறப்பவே டாக்டரம்மா மூஞ்சி மாறிப் போச்சு. டிவிய அவ பக்கமிருந்து திருப்பிட்டாங்க. இன்னொரு டாக்டரக் கூப்பிட்டுப் பாக்கச் சொன்னாங்க. அதுக்கப்பறம் சொல்றதுக்கு என்ன இருக்குது. வலி வர மருந்து குடுத்து, மறுநா அவளே பெத்தா. உசுரில்லாத கொழந்தைக்கும் அதே வலிதான், கொஞ்சங்கூடக் கொறையல. பொம்பளப் புள்ள. நெறைஞ்ச தலைமுடி, எம் பையன் மூக்கு. தூங்கற மாதிரிதான் இருந்துச்சு. அவ கேட்டா, மடியில வெச்சாங்க. கொழந்தையோட கைய விரிச்சு விரிச்சுப் பாத்துக்கிட்டே இருந்தா. பாக்க முடியாம நான் வெளிய வந்துட்டேன்.

எம் பையன் வண்டி புடிச்சு வந்து சேர ஒன்னரை நாளாச்சு. அதுக்குள்ள ரத்தப் பரிசோதனை எல்லாம் வந்துருச்சு. டாக்டரம்மா வார்டுக்கு வந்து, அவ கையப் புடிச்சுத் திருப்பிப் பாத்தாங்க. தோலு உரிஞ்சு கெடந்த உள்ளங்கைய. அப்பறம் போர்வைய வெலக்கிக் காலப் பாத்தாங்க. கட்டிலுக்கு ஒரு பக்கம் நான், இன்னொரு பக்கம் சம்மந்தியம்மா.

"உள்ளங்கை, உள்ளங்கால்ல அரிப்பு இருந்துச்சாம்மா?"

"இருந்துச்சுங்க."

"எத்தன நாளா?"

"மூணு வாரமா இருக்குமுங்க."

டாக்டரம்மா கண்ண மூடித் தொறந்தாங்க. கர்ப்பத்துல சில பேருக்குக் கல்லீரல் சரியா வேலை செய்யாம, பித்தநீர் ரத்தத்துல கலந்துருமாம். மேல ஒண்ணும் தெரியாதாம். தடிப்பு இருக்காது, கொப்புளம் இருக்காது, கைகாலு மட்டும் அரிக்குமாம், ராத்திரியில ஜாஸ்தியாகுமாம். தாய்க்கு அரிப்போட போயிரும், உள்ள இருக்கற கொழந்தைக்குத்தான் ஆபத்தாம். ரத்தம் எடுத்துப் பாத்தாத் தெரிஞ்சுருமாம். தெரிஞ்சா மாத்திரை இருக்குதாம், நாளப் பாத்து முன்னாலயே பிரசவம் பண்ணிருவாங்களாம்.

"கண்டிப்பாக் காப்பாத்தியிருக்கலாம்னு நான் சொல்லல. ஆனா ஒரு வழி இருந்திருக்கும். போன வாரம் நான் கேட்டேனேம்மா. ஏன் சொல்லல?"

இப்ப அவ சொல்லப் போறா, சொல்லட்டும், சொன்னா நான் கால்ல உழுந்தர்றேன்னு நெனச்சேன். நெனச்சேனே தவுர வாயத் தொறக்கல. ஊரயே அதட்டற வாயி இது.

அவ என்னப் பாக்கல. சன்னலப் பாத்துக்கிட்டுச் சொன்னா.

"சூடுன்னு நெனச்சுட்டனுங்க டாக்டர்."

சம்மந்தியம்மா தலையில அடிச்சுக்கிட்டு அழுதாங்க. "பாவி, வாயில என்னடி கொழுக்கட்டையா வெச்சிருந்த? கேட்டாங்கல்ல? நானும் பக்கத்துலதானடி இருந்தேன். எங்கிட்டயாச்சும் ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்னடி?"ன்னு அவளப் போட்டுத் திட்டுனாங்க. பெத்து ரெண்டு நா ஆன புள்ளைய. மார்ல பால் கட்டிக்கிட்டு, துணி நனைஞ்சு கெடந்தவள. அத்தனையும் வாங்கிக்கிட்டுக் கம்முனு கெடந்தா. நான் அவ பக்கத்துல நின்னேன். கட்டில் கம்பியப் புடிச்சுக்கிட்டு நின்னேன். அத்தனை திட்டும் எனக்கு வர வேண்டியது. அதக் கேட்டுக்கிட்டு நின்னனே, நானும் ஒரு பொம்பளையா?

அவ அம்மா ஊட்டுக்குப் போயி நாலு மாசம் கழிச்சுத்தான் வந்தா. பையன் ரிக்க விட்டுட்டு இங்கயே பண்ணையப் பாக்கறேன்னு இருந்துட்டான். ஒரு நா அவங்கிட்டச் சொல்லிரலாம்னு வாயெடுத்தேன். அவன் தீவன மூட்டைய எறக்கிக்கிட்டிருந்தான். "என்னம்மா?"ன்னான். "சாப்பிட வாடா"ன்னுட்டு வந்துட்டேன். அவகிட்டயும் ஒரு தடவ, சமையக்கட்டுல தனியா இருந்தப்ப, "கண்ணு, நான் அன்னைக்கு..."ன்னு ஆரம்பிச்சேன். "உடுங்கத்த"ன்னா. கோவமாச் சொல்லல. அடுப்பக் கொறைச்சு வெச்சுட்டு வெளிய போயிட்டா. மொறைச்சிருந்தாக்கூட எனக்குத் தாங்கும். சாப்பிட்டீங்களாம்பா, மாத்திரை போட்டீங்களாம்பா, எல்லாம் சரியாச் செய்வா. தலைவலின்னு மட்டும் எங்கிட்டச் சொல்ல மாட்டா.

இப்ப மறுபடியும் முழுகாம இருக்கறா. இந்தத் தடவ மசக்கை எப்பிடி இருந்துச்சுன்னே எனக்குத் தெரியாது. பாத்ரூம்புல கொழாயத் தொறந்து விட்டுட்டு வாந்தி எடுப்பா. தண்ணிச் சத்தந்தான் எனக்குக் கேக்கும். வெளிய வரும்போது மூஞ்சியத் தொடைச்சுக்கிட்டு, "ஒண்ணுமில்லீங்கத்த"ம்பா. பொரி வாங்கி அவ தலைமாட்டுல வெச்சேன். வெச்சது வெச்ச மாதிரியே நமுத்துப் போச்சு. அஞ்சாம் மாசமே, நானே எம் பையங்கிட்ட, "மல்லசமுத்திரத்துல கொண்டு போயி உட்டுரு, அவங்கம்மா பாத்துக்கட்டும்"னேன். அவன் என்ன ஆச்சரியமாப் பாத்தான்.

அதுல இருந்து தெனம் வெடியால போன் போடறேன். கொழந்தை அசையுதா சாமி, அசையுதுங்கத்த. கால் வீங்குதா, இல்லீங்கத்த. கடைசியா அதயுங் கேப்பேன். கைகாலு அரிக்குதா கண்ணு?

"இல்லீங்கத்த."

இப்ப எட்டாம் மாசம். முந்தாநா ஒரு கண்ணாலத்துல சம்மந்தியம்மாளப் பாத்தேன். பந்தியில பக்கத்துல எடம் புடிச்சு உக்கார வெச்சாங்க. எலைக்குத் தண்ணி தெளிச்சுக்கிட்டே சொன்னாங்க. "மாத்திரை ஒழுங்காச் சாப்புடறாளுங்க. வாரம் ரெண்டு தடவ ரத்தம் பாக்கறாங்க, கொழந்தைத் துடிப்புப் பாக்கறாங்க. அரிப்பு ஆரம்பிச்சுப் பதினெட்டு நாளாச்சுல்லீங்க. ஆரம்பிச்ச அன்னைக்கே அவளே டாக்டருக்குப் போன் பண்ணிட்டா. இந்தத் தடவ நாள் குறிச்சு முன்னாலயே எடுத்துரலாம்னு சொல்லியிருக்கறாங்க. உங்ககிட்டச் சொல்லியிருப்பாளே?"

"சொன்னா, சொன்னா"ன்னேன். எலையில வெச்ச சோத்தப் பெசைஞ்சுக்கிட்டே இருந்தேன்.

மறுநா வெடியால எப்பவும் போல போன் போட்டேன். எடுத்தா. அசையுதான்னு கேட்டேன், நல்லா அசையுதுங்கன்னா. சாப்பிட்டியான்னு கேட்டேன். அப்பறம் அதயுங் கேட்டேன். கேக்காம விட்டா எனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு அவளுக்குத் தெரிஞ்சுரும். பத்தொம்பது நாளா அரிக்கற கையில போனப் புடிச்சுக்கிட்டு, "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்கத்த"ன்னா.

"சேரி சாமி"ன்னேன்.